பல்லிக்குப் பிடிக்காத சீசன்

சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்கு, 'டிடெக்டிவ் திருமேனி' தொடரின் மூன்றாவது சீசன் துளிக்கூடப் பிடிக்கவில்லை.

"ஆளுக்குத் தொப்பை போட்டுடுச்சு. ஜோக்கெல்லாம் ஊசிப்போச்சு. நகையைத் திருடினது யாருன்னு முதல் விளம்பரத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று கீழே சோபாவில் கிடந்த ரிமோட்டிடம் புலம்பியது.

"போன சீசனுக்கும் இதையேதானே சொன்னே?" என்றது ரிமோட்.

"அது இதுக்கு எவ்வளவோ தேவலை."

மறுநாள் ஏழரை மணித் தொடருக்கு ஏழேகாலுக்கே பல்லி வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது. கொழுத்த ஈசல் ஒன்று பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. பல்லி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாதித் தொடரில் வீட்டுக்கார அம்மாள் வசுமதி கொட்டாவி விட்டாள். "முன்ன மாதிரி இல்லீங்க. வேற சேனல் போடட்டுமா?" என்று ரிமோட்டைக் கையில் எடுத்தாள்.

பல்லி விறுவிறுவென்று ஓடி அவள் தலைக்கு மேல் வந்து நின்றது.

"இன்னும் நாலு நாள் பார்ப்போமே. போகப்போக நல்லா வரும்" என்றார் அவள் கணவர்.

பல்லி உடனே பலமாக உச்சுக்கொட்டியது.

"பாருங்க, பல்லியே சொல்லுது! அப்போ நல்லாத்தான் வரும்" என்று வசுமதி விரலால் மேஜையைத் தட்டிவிட்டு, ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

ரிமோட் அண்ணாந்து பார்த்தது. "ஏம்ப்பா, உனக்குத்தான்..."

"பேசாம இரு" என்றது பல்லி. "திருடன் யாருன்னு சொல்லப்போறார்."