தாமரை விதையும் நகவெட்டியும்

நகைப்பெட்டியில பஞ்சு மெத்தை போட்டுக்கிட்டு ஒரு தாமரை விதை இருந்துச்சாம். ரொம்ப வயசானது, கல்லு மாதிரி கெட்டி. பக்கத்துலயே ஒரு நகவெட்டி. அது ஒருநாள் சோடா மூடியைத் திறக்கப் போய் மூக்கு கோணிக்கிட்ட கதையைச் சொன்னா பொழுது போயிரும், விடுங்க.

விதைக்கு எப்படியாவது முளைச்சுப்புடணும்னு ஆசை. பெட்டிக்கு வெளிய ஜன்னலோரமா இருந்த டீ கிளாஸ் தண்ணியில குதிச்சுப் பார்த்துச்சு. ஓட்டுக்குள்ள ஒரு சொட்டுகூட இறங்கல. வெளிய வந்து நகவெட்டிகிட்ட, "டேய், உன்கிட்ட நகம் தேய்க்கிற அரம் இருக்குல்ல? என் ஓட்டைத் தேய்டா"ன்னுச்சு.

நகவெட்டி பதறிப்போச்சு. "ஐயோ பெரியம்மா, உங்க மேல கை வைக்கலாமா? மரியாதை இல்லையா? வேணும்னா பளபளன்னு துடைச்சு விடுறேன்."

"துடைச்சுத் துடைச்சே இத்தனை வருஷம் பெட்டிக்குள்ள போட்டு வச்சுட்டீங்க. உள்ள உசுரு இருக்குடா, எனக்குத் தெரியாதா? தேய்!"

நகவெட்டி கண்ணை மூடிக்கிட்டுத் தேய்ச்சுச்சு. "வலிக்குதா?"

"வலிச்சா உனக்கென்ன? வெள்ளைப் பருப்பு தெரியுற வரைக்கும் நிறுத்தாதே."

தெரிஞ்சதும் விதை மறுபடி தண்ணிக்குள்ள குதிச்சுச்சு. ஊறி, உப்பி, ஒருநாள் காலையில பச்சையா ஒரு முனை எட்டிப் பார்த்துச்சு.

நகவெட்டி ஆசையா கிளாஸ் மேல குனிஞ்சுச்சு.

"மரியாதைன்னு சொன்னியே, அதை இப்பக் காட்டு"ன்னுச்சு விதை. "தள்ளி நில்லு, வெயில் விழட்டும்."