கல்குழியில் நிற்பவன்

கதவு திறந்து கிடந்தது. அம்மா இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் புத்தகப் பையைக் கழற்றாமலே ஓடினாள்.

எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. முப்பத்தொரு நாளாக அம்மா ஒரே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்குழி.

வெட்டி முடித்துக் கைவிட்ட பழைய குவாரி. நான்கு பக்கமும் செங்குத்தான பாறை. அடியில் பச்சைத் தண்ணீர். அதுவரைக்கும் ஒரே ஒரு லாரித் தடம் வளைந்து வளைந்து இறங்கும்.

அங்கே நின்று இறந்தவர் பெயரை மூன்று முறை சொன்னால், இறந்தவர் எழுந்து வருவார். தண்ணீரைத் தாண்ட முடியாது. கையை மட்டும் நீட்டுவார்.

அந்தக் கையைப் பிடித்தவர்கள் திரும்பியதில்லை.

குவாரி ஆட்களின் லைன் வீடுகளில் எல்லோருக்கும் இது தெரியும். திருப்பி அனுப்பும் வழியும் தெரியும். பெற்றவரோ கூடப் பிறந்தவரோ தண்ணீரில் இறங்கி, எழுந்து வந்தவரின் கண்ணைப் பார்த்து, நீ இறந்துவிட்டாய் என்று சொல்ல வேண்டும்.

வாய் சொன்னால் போதாது. மனசும் சொல்ல வேண்டும்.

போன வருடம் குவாரியில் கம்ப்ரசர் ஓட்டிய நாகப்பன் இறந்துபோன தன் மகளிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே கையைப் பிடித்துவிட்டார்.

தடத்தின் மேல்முனையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அம்மாவோடு ஜல்லி உடைக்கும் பெண்கள். பக்கத்து வீட்டு முனிராஜ் மாமா.

"கூப்ட்டுப் பாத்துட்டோம் பாப்பா. உங்கம்மா காதுல விழல" என்றார் மாமா. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்னால எறங்க முடியாதும்மா. எனக்கும் ரெண்டு புள்ளைங்க."

அவள் தலையாட்டினாள்.

யாரும் தடுக்கவில்லை. யாரும் கூட வரவும் இல்லை.

நாலு மணி வெயில் பாறையில் அடித்துக் கண் கூசியது. கீழே போகப் போகக் குளிர்ந்தது.

அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான்.

மாதேஷ். பதினாலு வயது. புதுக் குவாரியில் வெடி வைத்தபோது பறந்து வந்த கல் பட்டுப் போனவன். இப்போது தலையில் காயமே இல்லை. முடியைப் படிய வாரியிருந்தான். ஒரு கையை அம்மா பக்கம் நீட்டியிருந்தான்.

அம்மா முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருந்தாள். இன்னும் நாலு எட்டு.

அவள் தண்ணீருக்குள் ஓடி அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். அம்மா திரும்பவில்லை. முள்ளில் மாட்டிய துணியை விடுவிப்பதுபோல அவள் விரல்களிலிருந்து புடவையை விடுவித்துக்கொண்டு நடந்தாள்.

அவளுக்கு நீச்சல் தெரியாது.

அம்மாவைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். இருவருக்கும் நடுவில் நின்றாள். தண்ணீர் மார்புக்கு ஏறியது.

"குட்டி" என்றான் அவன். அதே குரல். "நீயும் வந்துட்டியா?"

முப்பத்தொரு நாளாக அவளை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. வீட்டில் யாரும் அவளை எப்படியும் கூப்பிடவில்லை. மூன்று பேர் இருந்த வீடு அது.

அவன் இன்னொரு கையை அவள் பக்கம் நீட்டினான்.

பிடித்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

அவன் இறந்ததை இன்று காலை வரைக்கும் அவளும் நம்பவில்லை. தினமும் அவன் பாயையும் சேர்த்தே விரித்தாள். சேர்த்தே சுருட்டினாள். ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியை விலக்கியபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடுவதற்கு முன் பார்த்துவிட்டிருந்தாள். ஒரு நொடி. அந்த நொடியை யாரிடமும் சொன்னதில்லை.

"அண்ணா. நீ செத்துட்ட."

குரல் நடுங்கியது.

அவன் சிரித்தான். ஓர் எட்டு நெருங்கினான். ஈரக் கை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அவள் பை வாரை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நொடியைத் திறந்து முழுசாகப் பார்த்தாள்.

"காதுக்கு மேல கல்லு பட்டுச்சு. நான் பாத்தேன். உன் நீலச் சட்டைய கத்தரிக்கோலால வெட்டியிருந்தாங்க. அதை என்னைத் தொடக்கூட விடமாட்ட. அதை வெட்டியும் நீ ஒண்ணுமே சொல்லல."

மூச்சு வாங்கியது.

"நீ செத்துட்டண்ணா."

அழுகை வந்தது. குரல் நடுங்கவில்லை.

அவன் சிரிப்பு நின்றது.

"அப்படியா?" என்றான். யாரோ ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டவன்போல.

தன் கையைப் புரட்டிப் பார்த்தான். பிறகு தண்ணீர் மட்டும் இருந்தது.

அம்மா அவளை அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள்.

"எம் புள்ளைய அனுப்பிட்டியேடி."

அவள் விலகாமல் நின்றாள். அம்மாவின் கை ஓயும்வரை நின்றாள்.

மேலே இருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

அம்மா முன்னால் நடந்தாள். பத்தடி தள்ளி அவள்.

வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஓரிடத்தில் ஒரு கிளை குறுக்கே நீட்டியிருந்தது. அம்மா அதை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுத் தாண்டினாள்.

தாண்டியவள் நின்றாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. கிளையை விடவும் இல்லை.

பின்னால் வந்த அவள் எட்டி நடை போட்டாள்.