மாப்பு

போர்டிங் பாஸ் வாங்கிய அத்தனை பேரும் முபீனிடம் மாப்புக் கேட்டார்கள்.

மக்காவுக்கு உம்ரா போகிறவர்கள் அப்படித்தான். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள்.

விமானம்தான் இல்லை.

மருதம் ஏர் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒற்றை வாடகை விமானத்தோடு முளைத்தது. தலைவர்களையும் பணக்கார மாப்பிள்ளைகளையும் மதுரையில் கொண்டுவந்து இறக்கியது. பிறகு பஸ் கட்டணத்தில் சென்னை என்று போஸ்டர் ஒட்டி, ஒன்று ஐந்தானது. எழுமலையில் ஏர் பிடிக்கிற சம்சாரிகள்கூட ஏறிப் பார்த்தார்கள். அப்புறம் வாடகைக்குக் கொடுத்தவர்களே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசி ஒன்றை நேற்றுச் சென்னையில் பிடித்துவிட்டார்கள்.

மதுரை விமான நிலையத்தின் இந்தக் கூடத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் கவுண்டரில் இருக்கும் முபீன். இன்னொருவர் முதலாளி சூர்யபிரகாஷ். எதிரே, வேறு கம்பெனியின் துபாய் வரிசையில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். துபாய் விமானம் கிளம்பும்வரை கூட்டம் கலவரப்படக் கூடாது, பாஸ் அடித்துக்கொண்டே இரு என்பது அவர் உத்தரவு.

காஜிமார் தெரு அப்துல் லத்தீப், மனைவி சபியாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு தடவை தேதி தள்ளிப்போன பயணம். சபியாவின் இதயம் இனி ஒரு மாசம் தாங்கினாலே பெரிசு என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

லத்தீப் முபீனிடம் பேச வாயெடுத்தவர், எதிர் வரிசையைப் பார்த்து நின்றார். போஸ்டரில் பார்த்த முகம். விறுவிறுவென்று அங்கே போனார்.

முபீன் பாஸ் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். மாட்டிக்கொள்ளட்டும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டான்.

லத்தீப் முதலாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி, தேதிய மாத்துனப்ப ஒங்கள வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். அல்லாவுக்காக மாப்புப் பண்ணிருங்க."

முதலாளி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். மன்னித்துவிட்டாராம்.

லத்தீப் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். துபாய்க்கு ஏன் போகிறார் என்று கேட்கவே தோன்றவில்லை. முதலாளி என்றால் நாலு ஊர் போவார் என்று நினைத்திருப்பார், பாவம்.

"ஒனக்கும் அங்க போயி துஆ செய்யிறேன் தம்பி," என்றாள் சபியா.

வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது முபீனுக்கு. ஆனாலும் அவளுக்கு ஜன்னலோர இருக்கை போட்டுக் கொடுத்தான்.

அவர்கள் உள்ளே போய் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, காலடியில் இருந்த தன் பெட்டியை இழுத்துக்கொண்டு துபாய் வரிசைக்கு நடந்தான்.

முதலாளி சற்று நகர்ந்து இடம் விட்டார்.