முதலாளியின் உத்தரவு

“ஐயோ சார், சத்தியமா சார்! ஒரு ஆணிகூட வெளியே போகாது சார்!”

நேமனி போனைக் காதில் வைத்துக்கொண்டு, வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தபடி நின்றான். தேங்காய்த் துருவி ஒன்று கேட்டு வந்திருந்த ஒன்றுவிட்ட தம்பி வைசேயாவுக்கே அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“விடு அண்ணே, எனக்குத் துருவியே வேணாம். போயும் போயும் இப்படி ஒரு ஆள்கிட்டயா வேலைக்குச் சேர்ந்தே?” என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

நேமனி போனை மனைவி வசித்தியிடம் நீட்டினான். அவள் அதை அரிசி டின்னுக்குள் மறுபடி புதைத்தாள். காய்ச்சிய இரும்பை முக்கும் தண்ணீர் வாளியில் திங்கட்கிழமை தவறி விழுந்ததிலிருந்து அந்த போனுக்கு அங்கேதான் குடித்தனம்.

பிஜித் தீவில் சிங்கடோகா பக்கம் சொந்தக்காரர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. ‘கெரெகெரே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போட்டிருக்கும் சட்டையானாலும் கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான். நேமனி முன்பு நடத்திய மளிகைக் கடை அப்படித்தான் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, நாலே மாதத்தில் வெறும் அலமாரியாக நின்றது.

இந்த இரும்புப் பட்டறைக்கு வெல்டிங் மெஷின் வந்தது, வசித்தி இரண்டு வருஷம் முடைந்த தாழம்பாய்களை விற்றுத்தான். “இதுவும் போச்சுன்னா புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நான்டியில எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

நல்லவேளை, பட்டறைக்கு முதலாளி மிஸ்டர் வால்ட்டர் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. தலைநகர் சுவாவில் இருக்கிறாராம், சிரிக்கவே மாட்டாராம், யாரும் பார்த்ததில்லை. அடுத்தவன் சொத்தைக் கெரெகெரே என்று கேட்க முடியாதே! வந்தவர்கள் எல்லாரும் நேமனிக்காக ‘உச்’ கொட்டிவிட்டுப் போனார்கள்.

அன்று மத்தியானம் பெரியப்பா ஏப்பெலி வந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி, சில்லறை இல்லை என்று பயணிகள் சொன்ன கதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது காய்த்துப்போனவர். வந்ததும் வராததுமாக, டிரம்மைப் பாதியாகப் பிளந்து கால் வைத்த இறைச்சி சுடும் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“அம்சமா இருக்கேடா! சனிக்கிழமை உன் தங்கச்சி லிட்டியா கல்யாணத்துக்கு ஆச்சு. கெரெகெரே, இதைக் குடு.”

“இது மூணு மணிக்கு வர்ற ஓட்டல்காரருக்கு பெரியப்பா. அவருக்குப் புடிச்சிருந்தா இன்னும் இருபது கேக்குறாரு. பட்டறையே அதை நம்பித்தான் இருக்கு. என்னுதா இருந்தா இப்பவே தூக்கிக் குடுத்திருப்பேன். முதலாளி இருக்காரே...”

“கேட்டுப் பாரு.”

வசித்தி அதற்குள் போனை எடுத்து வந்துவிட்டாள்.

“சார்... எங்க பெரியப்பா சார். இல்ல சார்... ஐயோ, அப்படியெல்லாம் திட்டாதீங்க சார், வயசானவரு சார்!” நேமனி போனை இறக்கிவிட்டுப் பெருமூச்சு விட்டான். “முடியவே முடியாதுங்கிறாரு பெரியப்பா.”

பெரியப்பா நிதானமாகத் தலையாட்டினார்.

“சரி, அவர் பொருளு, அவர் இஷ்டம். இந்த போன் யாருது? அதுவும் அவருதா?”

“இல்ல பெரியப்பா, இது என்னுது.”

வசித்தி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“அப்போ கெரெகெரே. போனைக் குடு, நானே அவர்கிட்ட பேசுறேன்.”

பொருள் தன்னுடையது, கேட்பவர் பெரியப்பா. தப்பிக்க வழியே இல்லை. நேமனி போனைக் கொடுத்தான்.

“புலா சார், வணக்கம்! நான் நேமனியோட பெரியப்பா பேசுறேன். சாப்பிட்டாச்சா? ... அடடே, முட்டிவலியா? நோனி இலையைச் சுட வெச்சுக் கட்டுங்க, ரெண்டே நாள்ல ஓடுவீங்க! ... ஆமா சார், பையன் தங்கம்தான். கொஞ்சம் பயந்த சுபாவம்.”

பெரியப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். கேட்டார், தலையாட்டினார், மறுபடியும் சிரித்தார். நேமனிக்கு வேர்த்து ஊற்றியது. வசித்தி அரிசி டின்னைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றாள்.

ஒருவழியாகப் பேசி முடித்து போனைத் திருப்பிக் கொடுத்த பெரியப்பா, காதில் ஒட்டியிருந்த ஒரு அரிசியை எடுத்துத் தரையில் போட்டார்.

“ரொம்ப நல்ல மனுசன்டா உன் முதலாளி! இந்த அடுப்பை ஓட்டல்காரனுக்கே குடுக்கச் சொல்றாரு. எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொண்ணு பண்ணிக் குடுக்கணுமாம். மூடி போட்டு.”

“சரி பெரியப்பா,” என்றான் நேமனி.

“இனிமே சொந்தக்காரங்க எவன் வந்து கேட்டாலும் என்கிட்ட அனுப்பி விடணுமாம். என்னை மேனேஜராப் போட்டிருக்காரு. எவன் வர்றான்னு நானும் பாக்குறேன்!”

வசித்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான்டிக்குப் போக வேண்டியதில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரியப்பா படலைத் திறந்து வெளியே காலை வைத்தவர், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி திரும்பிப் பார்த்தார்.

“ஒண்ணை மறந்துட்டேனே. அந்த போனைச் சீக்கிரம் ரிப்பேர் பண்ணச் சொன்னாரு!”