பனிக்குள் கூப்பிட்ட பெயர்

மரமே இல்லாத புல்மேடுகள் ஒன்றன் பின் ஒன்றாக எழுந்தும் தாழ்ந்தும் கிடந்தன. ஈரோட்டிலிருந்து வந்திருந்த தம்பதிகள் காலையிலிருந்து அவற்றின் மேல் நிதானமாக நடந்துகொண்டிருந்தார்கள். படம் எடுக்கவென்று ஆண்கள் ஆளுக்கொரு மேட்டுக்குப் போயிருந்தபோது மூடுபனி இறங்கியது. சுகந்திக்குத் தன் கையே தெரியவில்லை. "நடுவுல பெரிய பள்ளம் இருக்கு. பொம்பளைங்க நின்ன எடத்துலயே நின்னு அவங்கவங்க ஆளைக் கூப்பிடுங்க. குரலைப் பிடிச்சு மெல்ல வரட்டும்" என்றார் வழிகாட்டி சடையன். சுகந்தி, "ஏனுங்க!" என்று கூப்பிட்டாள். "இரு, வர்றேன்" என்று நாலாபுறமிருந்தும் பதில் வந்தது. பனிக்குள் எல்லாமே ஒரே ஆளின் குரல் போலிருந்தன. புல்லை மிதிக்கும் சத்தம் எல்லாத் திசையிலும் கிளம்பியது. "அக்கா, எங்கூட்டுக்காரரையும் சேத்திக் கூப்படாதீங்!" என்று எங்கோ ஒரு பெண் சிரித்தாள். சடையன் சிரிக்கவில்லை. "பேரைச் சொல்லும்மா! எல்லாரும் உன் குரலுக்கே வர்றாங்க. பள்ளத்துப் பக்கம் யாரு வர்றான்னு தெரியல." கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகளைத்தான் சொல்ல வைப்பாள். வாயைத் திறந்தபோது முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு, "பொன்னரசு!" என்று கத்தினாள். எல்லாக் காலடிகளும் நின்றன. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அவருடைய குரல், சற்றுப் பயந்து, மரியாதையாகக் கேட்டது: "யாருங்க கூப்படறது?"