கமறாத மிளகாய்

“இந்த ஸ்டீராய்டு மாத்திரை உன் ரத்தத்துல இருக்கிற காவல் அணுவைக் கொல்லாதும்மா. ‘செத்துப்போ’ன்னு சொல்லும், அதுங்களே செத்துடும்,” என்றார் டாக்டர். பூங்கோதையின் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தவை அந்த அணுக்கள்தான். “இனி உடம்புக்குக் காவல் இல்ல. லேசா இருமினாலும் ஓடி வந்துடு.”

சொன்ன பேச்சைக் கேட்டு அவை உள்ளே மடிந்துகொண்டிருக்க, வெளியே அதே மாத்திரையால் அவள் முகம் உப்பிப் பளபளத்தது. “நிலாவாட்டம் ஆயிட்டா, ஊர்க்கண்ணு பூரா இவ மேலதான்,” என்று பூரித்த மாமியார், உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டாள். திருஷ்டி இருந்தால் மிளகாய் கமறாது என்பார்கள். கமறவில்லை.

“பாத்தியா, ஒருத்தருக்கும் இருமல் வரல! அத்தனையும் கழிஞ்சுது.”

காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த இருமலோடு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி பூங்கோதை தலையாட்டினாள்.