தாழை என்று பேர் வைத்தவள்

“தாழையா? இதென்ன கா பேர்? சிவனுக்கே ஆகாத பூவைக் கொண்டுவந்து ஒரு பொம்புளப் புள்ளைக்கு வைப்பாங்களா?”

புஸ்பம் கேட்டது அன்னப்பூரணியை. ஆனால் பார்த்தது அன்னப்பூரணியின் புருஷன் நல்லரத்தினத்தின் முகத்தை.

நல்லரத்தினம் கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போனவன். போன இடத்தில் சண்டை தொடங்கி, பாதை பூட்டி, ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாமல் இரண்டு வருடம் ஓடிவிட்டது. இன்று காலையில்தான் சொந்த ஊரான செட்டிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினான். வீட்டுக்குள் கால் வைத்தால், மனைவியின் மடியில் இன்னும் புரளக்கூடத் தெரியாத ஒரு பச்சைக் குழந்தை!

கணக்குப் பார்க்கப் பள்ளிக்கூடம் போயிருக்கத் தேவையில்லை. எப்படிக் கேட்பது? கேட்கத்தான் விட்டாளா இந்தப் புஸ்பம்? அவன் பையைக் கீழே வைக்குமுன் பக்கத்து வளவிலிருந்து வந்து குந்தியவள், தேத்தண்ணி குடித்து முடித்த பிறகும் அசைகிறாளில்லை. இருந்து கூத்துப் பார்க்காமல் போவாளா அவள்!

“வாசமான பூதானே மச்சாள்,” என்றாள் அன்னப்பூரணி, தலை நிமிராமல்.

“வாசம் இருந்தென்ன, சுத்திவர முள்ளுதானே கா! மல்லிகை இல்லையா, செவ்வந்தி இல்லையா? மச்சானுக்கு இந்தப் பேர் தெரியுமோ என்னவோ. பாவம், அவர் எங்க, புள்ள எங்க!”

குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த அன்னப்பூரணியின் கை நின்றுவிட்டது. கழுத்தெலும்பு தெரிய மெலிந்திருந்தாள். ஷெல்லுக்குப் பயந்து வாவியைத் தாண்டி மேற்குக் கரையான படுவான்கரைக்கு ஓடி, யார் வீட்டுக் கொட்டிலிலோ கிடந்து, பட்டினி பார்த்துத் திரும்பி வந்தவள். அதுவும் தன்னந்தனியாக. அப்போது நான் எங்கே இருந்தேன் என்று நினைத்தான் நல்லரத்தினம். கொழும்பில் வேளாவேளைக்குச் சோறு தின்றுகொண்டிருந்தேன். இவளுக்கு என்ன நடந்ததோ, எந்தப் பாவி என்ன செய்தானோ! எந்த வாயால் இவளை நான் கேட்பேன்?

போகட்டும். முதலில் ஊர்வாயை மூட வேண்டும்.

“அந்தப் பேர வச்சதே நான்தான் மச்சாள்,” என்றான்.

புஸ்பம் வாய்க்குக் கொண்டுபோன வெற்றிலையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்களா? எப்ப?”

“இவள் படுவான்கரையில இருக்கக்குள்ள ஒருக்கா வந்து பாத்துட்டுப் போனனான். காட்டுப்பாதையால வந்தது. ஆமிக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருப்பான். அதான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. பொம்புளப் புள்ளையெண்டா தாழை எண்டு வை எண்டு அப்பவே சொல்லிட்டுப் போனன்.”

அன்னப்பூரணி சட்டென்று நிமிர்ந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

“கடவுளே! இத முதல்லயே சொல்லியிருக்கலாமே கா அன்னம்! ஊரெல்லாம் என்னென்ன கதைக்குது! தெரிஞ்சிருந்தா நானே எத்தின பேரோட சண்டை பிடிச்சிருப்பன்!”

“இப்பவும் குறையில்ல மச்சாள். போய்ச் சொல்லுங்க.”

சொல்ல வேண்டுமா? புஸ்பம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பறந்தாள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

நல்லரத்தினம் கையை நீட்டிக் குழந்தையை வாங்கினான். அது அவன் சட்டையை எட்டிப் பிடித்தது. அவனுக்குக் கண் கலங்கியது.

“அன்னம், தகப்பன் ஆரெண்டு நான் கேக்கமாட்டன். செத்தாலும் கேக்கமாட்டன். நீ உசிரோட இருக்காய், எனக்கு அது போதும். இவள் இனி என்ட புள்ள.”

அன்னப்பூரணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடிக்க நேரம் எடுத்தது.

“கேட்டாலும் எனக்குத் தெரியாது, இஞ்சேருங்க. இவள்ட அப்பாவையும் தெரியாது, அம்மாவையும் தெரியாது.”

அவன் விழித்தான்.

“திரும்பி வர நானும் வேற ஊர்ச் சனமும் தோணிக்குக் காத்து நிக்கக்குள்ள ஷெல் விழுந்தது. ஓய்ஞ்ச பிறகு பாத்தா, கரையில ஒரு பொம்புள செத்துக் கிடக்கிறா. ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியல்ல. பக்கத்துத் தாழம்பத்தைக்குள்ள புள்ள அழுற சத்தம். முள்ளு குத்தினாலும் பரவாயில்ல, உசிர் தப்பட்டும் எண்டு உள்ளுக்குத் தள்ளி வச்சிருக்கா மனிசி. அதான் தாழை எண்டு வச்சன்.”

“அப்ப ஏன் புள்ள, நீ பெத்ததெண்டு ஊருக்குச் சொன்ன? உன்னை என்ன கதையெல்லாம் கதைச்சிருப்பாங்க!”

“கதைக்கட்டும். நம்மட ஊர்ல குடியும் வம்சமும் தாய்வழிதானே, தகப்பன் ஆரெண்டு தெரியாட்டியும் புள்ளைக்குத் தாய்ட குடி இருக்கு. தாயே ஆரெண்டு தெரியாட்டி, இவள் எந்தக் குடியெண்டு சொல்லுவாள்? கோயில்ல கேப்பாங்க, கலியாணத்துல கேப்பாங்க. அதான் நான் பெத்தனெண்டு சொல்லிட்டன்.”